எண்ணும் கணக்கும் – 17: ஜாவாவா, பைத்தானா, யார் தளத்தில் கூட்டம்?

போன வாரம் டி.ஆர்.பி. கதையைப் பார்த்தோம். சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டரை மாட்டிவிட்டு, நாடு முழுக்க எந்த சேனல் ஓடுகிறது என்று சொல்லிவிடும் வித்தை. அதையே இணையத்தில் வருஷக்கணக்காக நடத்திக்காட்டியது அலெக்ஸா. பாட்டுப் போடச் சொன்னால் போடுகிறதே, அந்த அலெக்ஸா இல்லை. இது அதற்கு ரொம்ப மூத்தது. 1996-இல் ப்ரூஸ்டர் கேலும் ப்ரூஸ் கில்லியட்டும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். பழைய அலெக்சாண்டிரியா நூலகத்தை நினைத்து வைத்த பெயர். 1999-இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது.

உலகத்துத் தளங்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் அலெக்ஸாவின் வேலையாக இருந்தது. எண் சின்னதாக இருந்தால் மவுசு பெரிது. புரோகிராமர்களுக்கு இது போதாதா? சினிமா ரசிகர்கள் வசூலை வைத்து மல்லுக்கட்டுவதைப் போல, புரோகிராமிங் மொழிகளின் அதிகாரபூர்வத் தளங்களை எடுத்துக்கொண்டு பைத்தானா, ரூபியா, பி.எச்.பி.யா என்று இறங்கிவிட்டார்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? அலெக்ஸாவின் டூல்பாரைத் தங்கள் பிரவுசரில் போட்டுக்கொண்டவர்கள் எங்கெங்கே போனார்கள், எத்தனை பக்கம் பார்த்தார்கள் என்பதன் மூன்று மாதச் சராசரி அது. ஆரம்ப காலத்தில் அந்த டூல்பார் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பி இருந்தது. அந்த எக்ஸ்ப்ளோரர் இல்லாத லினக்ஸில் உட்கார்ந்து நாள் முழுக்க பெர்லும் பைத்தானும் எழுதியவர் இந்தக் கணக்கில் ஆளே இல்லை. அதே சமயம், தளம் நடத்துகிறவர்கள் தங்கள் இடத்தை உயர்த்திக்கொள்ளவே டூல்பாரைப் போட்டுக்கொண்டதும் உண்டு. 2008 ஏப்ரலில் அலெக்ஸா தன் முறையை மாற்றி, டூல்பாருக்கு வெளியே இருந்தும் தகவல் எடுக்க ஆரம்பித்தது.

சரி, மீட்டர் பழுதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல் தீராது.

ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமர்கள் போன இடம், அதை உருவாக்கிய சன் நிறுவனத்தின் தளத்துக்குள் ஒரு கிளை. அலெக்ஸாவோ கிளைகளைத் தனியாகப் பார்க்கவில்லை, மொத்தத்தையும் சன் பெயரிலேயே வரவு வைத்துவிட்டது. ஜாவா டாட் காம் என்று தனி முகவரியும் இருந்தது. அங்கே வந்தவர்களில் கணிசமானவர்கள் ஒரு வரி நிரல்கூட எழுதாதவர்கள். ஏதோ ஒரு பக்கம் திறக்க ஜாவா வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது, டவுன்லோடு செய்ய வந்தார்கள், போய்விட்டார்கள். சி மொழிக்கோ அப்போது சொந்தமாக அதிகாரபூர்வத் தளமே இருக்கவில்லை. இயங்குதளங்களின் அடிவயிற்றில் இருக்கும் மொழி, இந்தப் பந்தயத்தில் பெயர்கூடக் கொடுக்கவில்லை!

எனக்குப் பிடித்தது பி.எச்.பி.யின் கதைதான். ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேட அதில் 'ஸ்டர்பாஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. பட்டியலுக்குள் ஒரு பொருள் இருக்கிறதா என்று பார்க்க 'இன் அரே'. முன்னதற்கு எதில் தேடுவது என்பதை முதலில் கொடுக்க வேண்டும், எதைத் தேடுவது என்பதை அடுத்து. பின்னதற்கு அப்படியே தலைகீழ். பத்து வருஷம் பி.எச்.பி. எழுதியவருக்கும் இதில் கை ஒரு நொடி நிற்கும். உடனே பிரவுசரைத் திறந்து, தள முகவரிக்குப் பின்னால் அந்தக் கட்டளையின் பெயரைத் தட்டினால் போதும், கையேட்டின் அதே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கீழே மற்ற புரோகிராமர்கள் எழுதிவைத்த குறிப்புகள் வேறு. இந்தப் பக்கத்தை ஒருவர் ஒரே நாளில் நாலு முறை பார்த்தால், அது மொழியின் செல்வாக்கா, மனதில் நிற்காத வரிசையின் கோளாறா?

பெர்ல்காரருக்கு இந்த அலைச்சல் குறைவு. டெர்மினலில் 'பெர்ல்டாக்' என்று தட்டினால் கையேடு அங்கேயே விரியும். ரஸ்ட் மொழியின் ஆவணங்களையும் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கலாம். இந்த வாசிப்பு எந்த சர்வரின் பதிவிலும் ஏறாது. எதிர்முனையில் ஸ்கிராட்ச். எம்.ஐ.டி. மீடியா லேப் சிறுவர்களுக்காக 2007-இல் வெளியிட்ட மொழி. எழுதுவது, ஓட்டுவது, நண்பன் செய்ததைப் பார்ப்பது எல்லாம் தளத்திலேயே நடக்கும். அந்தத் தளத்தை ஒரு கையேட்டுத் தளத்தோடு ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்?

தளத்தை விட்டுவிட்டுத் தேடுபொறியைப் பிடித்தவர்களும் உண்டு. நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கும் டியோபி நிறுவனம் 2001-இலிருந்து ஒரு பட்டியல் போடுகிறது. மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடினால் எத்தனை முடிவுகள் வருகின்றன என்பதே அதன் அடிப்படை. 2004-இல் கூகுள் குப்பைத் தளங்களைக் கூட்டித்தள்ளியது. பட்டியலில் ஜாவாவும் சி பிளஸ் பிளஸ்ஸும் மளமளவென்று சரிந்தன. ஜாவாவை விட்டு யாரும் ஓடவில்லை. கூகுள் வீடு பெருக்கியது, அவ்வளவுதான். அதன்பின் டியோபி இன்னும் இரண்டு தேடுபொறிகளைச் சேர்த்துக்கொண்டது. எந்தெந்தத் தேடுபொறிகளைச் சேர்ப்பது என்பதற்கு அது பல காலம் பார்த்தது எதை என்கிறீர்கள்? அலெக்ஸாவின் தரவரிசையை! 2022 மே 1-ஆம் தேதி அந்தத் தரவரிசை சேவையை அமேசான் மூடியது. டியோபி, அதே மாதிரி வரிசை போடும் சிமிலர்வெப்பிடம் போனது.

இதெல்லாம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு தளத்தை அதன் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வீட்டோடு வேண்டாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். 'முதல் பாடம்' பக்கத்தில் கூட்டம் ஏறினால் புதியவர்கள் வருகிறார்கள். 'பழைய பதிப்பிலிருந்து மாறுவது எப்படி' பக்கத்தில் ஏறினால் ஏற்கெனவே இருப்பவர்கள் அவதிப்படுகிறார்கள். இந்த விவரம் தளம் நடத்துகிறவரின் சர்வரில் இருக்கும், வெளியிலிருந்து வரிசை போடுகிறவர் கைக்கு வராது.

இப்போது ஏ.ஐ. வந்து இந்தக் கணக்கையும் குழப்புகிறது. பி.எச்.பி.காரர் 'ஸ்டர்பாஸ்' என்று தொடங்கியதுமே மீதியை எடிட்டரே எழுதிவிடுகிறது. கையேட்டுப் பக்கத்துக்குப் போகவேண்டிய தேவை இல்லை. மொழியை எழுதுகிற கை அப்படியே இருக்க, தளத்தின் வருகைப் பதிவு மட்டும் இறங்கலாம். அதனால்தான் சிலர் வருகையை விட்டுவிட்டு டவுன்லோடுகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் மனிதர்கள் எத்தனை, இயந்திரங்கள் எத்தனை என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)