விதைத்தவன் ஏன் ஓரிடத்தில் தங்கினான்?

விளாத்திகுளத்துக்குத் தெற்கே, சாயர்புரம் தேரிச் செம்மணலில் நகத்தளவு கல்சில்லுகள் கிடைக்கின்றன. வேட்டையாடிகள் கம்பில் பதித்த கருவிகள் அவை. ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

தேரியில் விழுந்த மழையை மணல் குடித்துவிடும். ஆற்றோரத்தில் வெள்ளம் வண்டலைப் போடும், ஈரமும் நிற்கும்; விதைக்க ஏற்ற இடம் அதுவே. காட்டுப்புல்லின் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராத கதிர்தான் அறுப்பவர் கைக்கு வரும். அதையே திரும்பத் திரும்ப விதைத்ததில், மனிதர் விதைத்தால்தான் முளைக்கும் பயிர் உருவானது. விதைத்ததை ஆடுமாடு மேயாமல் காத்து, அறுத்ததைச் சேமிக்கவும் வேண்டுமே. பிறகு எங்கே அலைவது?

தாமிரபரணி வட்டாரத்துச் சிவகளையில், முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். விளாத்திகுளத்து வைப்பாறு தாமிரபரணிபோல வற்றாமல் ஓடுகிற ஆறல்ல. இங்கே ஈரத்தைப் பிடித்துவைப்பது கரிசல். ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைத்தார்கள்.