பசித்த வயிறும் இரத்தச் சர்க்கரையும்

இரத்தத்தில் சர்க்கரை தாழ்வது நீரிழிவுக்கு மருந்துண்போர்க்கே நேரும் என்பது அங்கத்தினர் பலரின் எண்ணம். அந்நோய் அறவே இல்லாதவர்க்கும் அது நேர்வதுண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, கண் இருளல் ஆகியவை அதன் குறிகள்.

காலை ஆகாரமின்றித் தேநீர் ஒன்றையே பருகி நடுப்பகல் வரை தறியில் அமர்ந்திருப்போரை நாம் காண்கிறோம். நம் சங்கத்துக் கிடங்கைப் போல, கல்லீரல் உணவின் மிச்சத்தைச் சேமித்து வைத்து வேண்டும்போது வழங்குவதால் அவர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றனர். சேமிப்பு தீர்ந்தால் ஈரல் புதிதாகச் சர்க்கரையை ஆக்கும். குழந்தைகளின் கிடங்கோ மிகச் சிறிது.

விளைவிப்போர் அறியத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. பீகாரின் முஸாபர்பூர் லிச்சிப் பழத்திற்குப் பேர்பெற்றது. அங்கே கோடையில் ஏழைக் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்புக் கண்டு மாண்டு வந்தனர். 2014-இல் இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 பேரில் 122 பேர் இறந்தனர். அவ்வாண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் என்னும் பொருள், ஈரல் புதிதாகச் சர்க்கரை ஆக்குவதைத் தடுக்கிறது. பழம் தின்று, இராச்சோறின்றி உறங்கிய குழந்தைகளுக்கே அது பெருந்தீங்காயிற்று. இதுவே முழுக் காரணம் என எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. பழியைப் பழத்தின்மேல் மட்டும் சுமத்துவது தோட்டக்காரர்க்கு நீதியன்று என்பது நம் கருத்து; அக்குழந்தைகளுக்கு இல்லாமற்போனது இரவு உணவு.

குறிகள் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகச் செய்க. கால் மணி நேரத்தில் தெளியாவிடில் மறுமுறை தருக. தெளிந்தபின் உணவும் உண்ண வேண்டும். சர்க்கரை நீரின் பலன் நெடுநேரம் நில்லாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

சிலர்க்கு இனிப்பும் வெள்ளைச் சோறும் மிகுதியாக உண்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இக்குறிகள் தோன்றும். அவர்கள் சிறிது சிறிதாக, பயறும் முட்டையும் சேர்த்து உண்பது நலம். வெறும் வயிற்றில் மது அருந்துவோர்க்கு அபாயம் பெரிது. ஈரலின் வேலையை மதுவும் தடுக்கும்.

தலைசுற்றல் யாவும் சர்க்கரைக் குறைவன்று. இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். அமெரிக்க அறுவை மருத்துவர் விப்பிள் 1938-இல் வகுத்த முறை இன்றும் வழக்கிலுள்ளது: குறிகள் தோன்றும் வேளையிலேயே இரத்தத்தைச் சோதித்து அளவு தாழ்ந்திருப்பதைக் காண வேண்டும், சர்க்கரை உண்டதும் குறிகள் நீங்கவும் வேண்டும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 55 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பின், காரணத்தை வைத்தியரே ஆராய வேண்டும்.