ஆற்றுவழிப் பயணமும் கைப்பணமும்: மேகாங் செல்வோர் அறிய வேண்டியவை

திபெத்தியப் பீடபூமியில் தோன்றி ஆறு நாடுகளின் வழியே பாயும் மேகாங் ஆறு, வியட்நாமின் தென்கோடியில் கடலில் கலக்கிறது. இதன் கீழ்ப்பகுதியில், வியட்நாமின் ஹோ சி மின் நகரை அடுத்த துறைகளுக்கும் கம்போடியாவின் தலைநகரான நோம் பென், கோயில் நகரமான சியம் ரீப் ஆகியவற்றுக்கும் இடையே வழிகாட்டியுடன் கூடிய கப்பல் பயணங்கள் நடைபெறுகின்றன. பெரும்பாலானவை ஏழு இரவுகள் நீள்பவை. ஓய்வுக்காலச் சேமிப்பின் ஒரு பகுதியை ஒதுக்கி இத்தகைய பயணத்தை மேற்கொள்ள விரும்பும் தம்பதியர் பலர்.

அறை, உணவு, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் ஆகிய அனைத்தையும் முன்னரே செலுத்திவிடுவதால், கையில் பணம் எடுத்துச் செல்வது குறித்து அதிகம் சிந்திக்கத் தேவையில்லை என்று தோன்றலாம். உண்மையில் இப்பயணத்தில் கைப்பணம் குறைவாகவே தேவைப்படும். எனினும், தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் வங்கியோ ஏ.டி.எம். இயந்திரமோ இராது. கப்பல் அணையும் சிற்றூர்த் துறைகளில் நூறு டாலர் தாளுக்குச் சில்லறை கிடைப்பதும் அரிது. ஆகவே, எவ்வளவு பணம் என்பதைவிட எந்த வடிவில், எத்தனை இடங்களில் பிரித்து என்பதே இங்கு முதன்மையான கேள்வியாகும்.

இரு நாடுகள், மூன்று நாணயங்கள்

வியட்நாமின் நாணயம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்ற அளவில் மதிப்பு நிலவுவதால், ஒரு தேநீரின் விலையே பல்லாயிரத்தில் இருக்கும். விலையின் கடைசி மூன்று சுழிகளை நீக்கி, மீதமுள்ள எண்ணை மூன்றேகாலால் பெருக்கினால் தோராயமான ரூபாய் மதிப்பு கிடைத்துவிடும். 60,000 டாங் என்பது ஏறத்தாழ 200 ரூபாய்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் நீல நிறச் சாயல் கொண்டவை. முதலாவது ஏறத்தாழ 65 ரூபாய். இரண்டாவது 1,600 ரூபாய்க்கும் மேல். அந்தி வெளிச்சத்தில், படகில் நின்றவாறே பணம் கொடுக்கையில் இவ்விரண்டும் எளிதில் மாறிவிடும். 500,000 டாங் தாள்களைத் தனி உறையில் வைப்பது இதற்கு எளிய தீர்வு.

கம்போடியாவின் நாணயம் ரியெல். எனினும் அந்நாட்டில் அமெரிக்க டாலரும் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் பரவலாகப் புழங்குகிறது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல். அமெரிக்க நாணயக் காசுகள் அங்குப் புழக்கத்தில் இல்லை என்பதால், ஒரு டாலருக்குக் குறைந்த மீதத் தொகையை ரியெலாகவே தருவார்கள். மூன்றரை டாலர் பொருளுக்கு ஐந்து டாலர் கொடுத்தால், ஒரு டாலரும் ஏறத்தாழ 2,000 ரியெலும் திரும்ப வரும். இது முறையான வழக்கமேயன்றி ஏமாற்று அன்று.

இரு நாடுகளின் சிற்றூர்களிலும் இந்திய ரூபாயை மாற்ற இயலும் என்று எதிர்பார்க்கலாகாது. டாங்கும் ரியெலும் தத்தம் நாட்டுக்கு வெளியே எளிதில் விலைபோகாதவை. எனவே டாலரை இந்தியாவிலேயே பெற்றுச் செல்வதும், வியட்நாம் சென்றபின் விமான நிலையத்திலோ வங்கியிலோ ஒரு பகுதியை டாங்காக மாற்றிக்கொள்வதும் பொருத்தமான வழியாகும். வியட்நாமில் விலைகளை டாங்கில்தான் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். கப்பல் எல்லையைக் கடப்பதற்கு முந்தைய நாளே டாங்கைச் செலவிட்டுத் தீர்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு தேவைப்படும்?

இருவர் எட்டு நாள் செல்வதாகக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்கிடுவோம். கப்பல் பணியாளர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் பயண இறுதியில் அன்பளிப்புத் தொகை அளிப்பது வழக்கம். சில நிறுவனங்கள் இதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும்; சில நிறுவனங்கள் நாளொன்றுக்கு இவ்வளவு எனப் பரிந்துரைக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 டாலர் எனக் கொண்டால் 160 டாலர். கம்போடிய விசாவைப் பல நிறுவனங்கள் கப்பலிலேயே ஏற்பாடு செய்து, கட்டணத்தை டாலர் ரொக்கமாகப் பெறுகின்றன. அதற்கு ஒருவருக்கு 30 டாலர் வீதம் 60 டாலர். சந்தையில் பழம், கைவினைப் பொருள், மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுநருக்குச் சிறுதொகை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் வீதம் 120 டாலர். எதிர்பாராத் தேவைக்கு 200 டாலர். ஆக மொத்தம் 540 டாலர்.

இத்தொகையை ஐந்து நூறு டாலர் தாள்களாகப் பெற்றால், கையில் பணம் இருந்தும் இல்லாத நிலையே ஏற்படும். ஒரு டாலர் 40, ஐந்து டாலர் 20, பத்து டாலர் 20, இருபது டாலர் 10 எனப் பெற்றால் அதே 540 டாலர் எங்கும் பயன்படும். சிறுமதிப்புத் தாள்கள் எல்லாக் கிளைகளிலும் உடனே கிடைப்பதில்லை. எனவே பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே கிளையில் கேட்டு வைத்தல் வேண்டும்.

பெறும்போதே ஒவ்வொரு தாளையும் பார்த்துப் பெறுங்கள். கிழிந்த, கறைபட்ட, எழுத்து எழுதப்பட்ட டாலர் தாள்களைக் கம்போடியாவில் வாங்க மறுப்பது பொதுவான வழக்கம். விளிம்பில் சிறு கிழிசல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

விதிகள் சொல்வது என்ன?

ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இந்நாடுகளுக்குச் செல்லும் ஒருவர் ஒரு பயணத்தில் ரொக்கமாக 3,000 டாலர் வரை மட்டுமே வாங்கிச் செல்லலாம். எஞ்சியதை ஃபாரெக்ஸ் அட்டை போன்ற வடிவில்தான் பெற வேண்டும். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரை வெளியே கொண்டு செல்லலாம். வீடு திரும்பும்போது விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டிக்கு உதவும் அளவில் சிறிது ரூபாய் இருந்தால் போதும்.

வியட்நாமுக்குள் 5,000 டாலருக்கு மேலும் கம்போடியாவுக்குள் 10,000 டாலருக்கு மேலும் ரொக்கம் கொண்டு செல்வோர் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நாம் மேலே கண்ட அளவில் பயணிப்பவருக்கு இவ்வரம்புகள் இடையூறாக அமையா.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கும்போது நிறுவனம் டி.சி.எஸ். எனும் வரியை வசூலிக்கும். இதன் விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாறி வருவதால், பதிவு செய்யும் நாளில் நடைமுறையிலுள்ள விகிதத்தைக் கேட்டறிய வேண்டும். இவ்வரி வீணாவதில்லை. படிவம் 26ஏ.எஸ்.-இல் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கையில் ஈடுசெய்துகொள்ளலாம். மிகையானால் திரும்பப் பெறலாம்.

அட்டைகளை ஆயத்தப்படுத்துதல்

2020-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடைகளிலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கைப்பேசிச் செயலி, இணைய வங்கிச் சேவை அல்லது கிளை வாயிலாகத் திறந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விமானம் ஏறுபவருக்கு அட்டை வெறும் நெகிழித் துண்டே. திறக்கும்போதே நாள் வரம்பையும் குறைத்து வைத்துவிடுங்கள், திரும்பியதும் மூடிவிடுங்கள்.

டாலரில் நிரப்பப்பட்ட ஃபாரெக்ஸ் அட்டை இப்பயணத்துக்கு நன்கு பொருந்தும். கப்பலில் வாங்கும் பானம், சலவை முதலியன அறைக் கணக்கில் எழுதப்பட்டு இறுதி இரவில் மொத்தமாக, பெரும்பாலும் டாலரில், வசூலிக்கப்படும். அதை டாலர் அட்டையில் செலுத்தினால் நாணய மாற்றுக் கட்டணம் எழாது. நோம் பென் ஏ.டி.எம்.கள் டாலரையே வழங்குகின்றன. வியட்நாமில் டாங்கில் செலவிடும்போது மட்டும் மாற்றுக் கட்டணம் சேரும்.

கடையிலோ விடுதியிலோ இந்திய அட்டையை நீட்டும்போது, இயந்திரம் சில நேரங்களில் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா?’ என்று கேட்கும். பழகிய நாணயம் என்பதால் ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஆனால் அங்குப் பயன்படுத்தப்படும் மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமானது. உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஓ.டி.பி. வந்து சேராமல் தவிப்பது வெளிநாட்டில் அடிக்கடி நேர்வது. வங்கியில் பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு ரோமிங் வசதியைப் பெற்றுச் செல்லுங்கள். 1800 எனத் தொடங்கும் கட்டணமில்லா எண்களுக்கு வெளிநாட்டிலிருந்து பேச இயலாமற்போகலாம். +91 எனத் தொடங்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பையில் அனைத்தும் வேண்டாம்

பணத்தை மூன்றாகப் பிரிப்பதே பாதுகாப்பு. அன்றைய செலவுக்கான சிறு தொகை சட்டைப்பையிலோ சிறு பணப்பையிலோ இருக்கட்டும். பெருந்தொகையும் ஓர் அட்டையும் கப்பல் அறையின் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கட்டும். எதிர்பாராத் தேவைக்கான 200 டாலரும் மற்றோர் அட்டையும் உடைக்குள் அணியும் பையில் இருக்கட்டும். விமானத்தில் சரக்காக அனுப்பும் பெட்டியில் பணம் வைத்தலாகாது.

தம்பதியருக்கு மேலும் ஒரு சொல். கணவரிடம் மட்டும் பணமும் அட்டையும் இருக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. வழியில் அவர் உடல்நலம் குன்றி நோம் பென் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், முன்பணம் கட்ட வேண்டியவர் மனைவியே. ரகசிய எண்ணை அவரிடம் சொல்லி வைப்பது இதற்குத் தீர்வு அன்று. அது விதிக்கும் புறம்பானது. அவர் பெயரிலேயே ஓர் அட்டை இருக்க வேண்டும். அதைப் புறப்படுமுன் ஒருமுறையேனும் உள்ளூரில் அவர் பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும். மருத்துவ வெளியேற்றச் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டின் எண்ணும் இருவரிடமும் இருத்தல் வேண்டும்.

பெட்டியில் எவை?

கப்பல் அறைகள் சிறியவை. கட்டிலுக்கு அடியில் தள்ளக்கூடிய மென்பை உகந்தது. கோடையில் நீர்மட்டம் குறையும்போது கப்பலால் தோன்லே சாப் ஏரியைக் கடக்க இயலாது. அக்காலத்தில் பயணிகள் சியம் ரீப்புக்கும் ஆற்றுத்துறைக்கும் இடையே பல மணி நேரம் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். ஏற்றி இறக்கப்படும் பெட்டி இலகுவாயிருத்தல் நலம். சலவை வசதி இருப்பதால் நான்கைந்து பருத்தி உடைகள் போதும். அங்கோர் வாட் முதலிய கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை தேவை. சேற்றுக்கரையில் வழுக்காததும் கோயில் வாயிலில் எளிதில் கழற்றக்கூடியதுமான காலணி, தொப்பி, கொசுவிரட்டி, மருத்துவர் சீட்டுடன் மருந்துகள் ஆகியவை இன்றியமையாதவை. நம் இருமுனைச் செருகிகள் அங்குப் பொதுவாகப் பொருந்தும். மும்முனைச் செருகிக்கு இணைப்பான் வேண்டும்.

நீர்புகா உறை ஒன்றை மறவாதீர்கள். பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறும் பயணம் இது. வியட்நாமின் 10,000 டாங்குக்கு மேற்பட்ட தாள்கள் நெகிழியால் ஆனவை, நனைந்தாலும் கெடா. டாலரும் கடவுச்சீட்டும் அவ்வாறல்ல.

எல்லையில் குடிநுழைவுப் பணிகளுக்காகக் கப்பல் அலுவலர் கடவுச்சீட்டுகளைச் சேகரிப்பது வழக்கம். அதன் படியைக் கையிலும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் ஹோ சி மின் நகரில் இந்தியத் துணைத் தூதரகமும் நோம் பென்னில் தூதரகமும் உள்ளன. சியம் ரீப்பில் பயணம் முடித்து மீண்டும் வியட்நாமுக்குள் நுழைந்து நாடு திரும்புவோர், 25 டாலர் ஒற்றை நுழைவு மின்விசாவுக்குப் பதிலாக 50 டாலர் பன்முறை நுழைவு மின்விசாவைப் பெற வேண்டும். 25 டாலரைச் சேமிக்க எண்ணி விமானத்தையே தவறவிட நேரலாம்.

திரும்பிய பின்

எஞ்சிய அந்நியச் செலாவணியை, நாடு திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பயணத்துக்கென 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அட்டைக் கணக்கின் விவரங்களை ஒருமுறை பாருங்கள். அறியாத பற்று எதுவும் தென்பட்டால் தாமதிக்காமல் வங்கிக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ அவ்வளவு குறைவாக நம் பொறுப்பு அமையும் என்பதே இது குறித்து ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட நெறிமுறையின் அடிப்படை.

புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்னரே பான் அட்டை, கடவுச்சீட்டு, பயணச்சீட்டு ஆகியவற்றுடன் உங்கள் கிளையை அணுகினால், செலாவணி, அட்டை, வரம்பு ஆகிய மூன்றையும் ஒரே வருகையில் முடித்துக்கொள்ளலாம். அதன்பின் கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து, பணத்தைப் பற்றிய கவலையின்றி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.