உழைத்த ஆண்டுகளுக்கு மதிப்பில்லையா?

அந்நிய தேசத்தில் நெடுங்காலம் தங்கி வாழ விரும்புகிறவன், அத்தேசத்தின் வாயிலில் மூன்று நாணயங்களில் ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒன்று பணம், மற்றொன்று படிப்பு, மூன்றாவது, அவன் அங்கே ஏற்கனவே உழைத்துக் கழித்த ஆண்டுகள். பணத்தைக் கண்டவுடன் வாயில்காப்போன் எழுந்து நின்று வரவேற்கிறான். படிப்பைக் கண்டால் சற்று யோசித்தேனும் வழிவிடுகிறான். உழைத்த ஆண்டுகளை மட்டும், பல தேசங்களில், செல்லாக் காசு என்று தள்ளிவிடுகிறான். நம் நாட்டு ஏழை மக்கள் கையில் இருப்பதோ அந்த மூன்றாவது நாணயம் ஒன்றுதான். ஆகவே அதன் செலாவணியைப் பற்றி இன்று சற்று விரிவாக ஆராய்வது நமது கடமையாகிறது.

ஐக்கிய அரபு எமிரேட்டுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே வசிப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிதேசத்தார். அவர்களுள் இந்தியர் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். துபாயின் மாடங்களையும் அபுதாபியின் வீதிகளையும் எழுப்பிய கைகளில் நம் இராமநாதபுரத்துக் கைகளும் தஞ்சாவூர்க் கைகளும் உண்டு என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதில்லை. அவ்வாறு போகும் சாமானியத் தொழிலாளிக்குக் கிடைக்கும் வசிப்பு அனுமதி பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. அது அவனுடைய வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு எஜமானனைத் தேடிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கப்பலோ விமானமோ ஏற வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் ஊரில் தங்கிவிட்டாலும் சாதாரண அனுமதி காலாவதியாகிவிடும். மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவோ, மாதம் 4,000 திர்ஹாம் சம்பளமாவது, இருப்பிடத்தோடு கூடிய 3,000 திர்ஹாமாவது வேண்டும். அவ்வளவு சம்பளம் பெறாத கொத்தனும் தச்சனும் தம் குடும்பத்தைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் மட்டுமே காண்கிறார்கள்.

இவ்வாறு இரண்டு இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே முப்பது ஆண்டுகள் அங்கே கழித்தவர்கள் பலர். முப்பதாவது ஆண்டின் கடைசி நாளில் அவர்களுடைய வசிப்பு உரிமை, முதலாண்டின் முதல் நாளில் இருந்ததைவிட இம்மியளவும் வளர்ந்திருப்பதில்லை. அங்கே பிறந்து, அங்கே படித்து வளர்ந்த அவர்களுடைய குழந்தைக்கும் பிறப்பினால் பிரஜாவுரிமை கிடையாது.

இதே தேசத்தில் 2019-ஆம் ஆண்டு முதல் 'கோல்டன் விஸா' என்ற வேறொரு வாயில் திறந்திருக்கிறது. 20 லட்சம் திர்ஹாம் பெறுமான வீடோ நிலமோ வாங்குகிறவர் பத்து ஆண்டுகள் தங்கலாம், பிறகும் புதுப்பித்துக்கொள்ளலாம். அவருக்கு எஜமானன் வேண்டியதில்லை. ஆறு மாதக் கணக்கும் அவரைக் கட்டுப்படுத்தாது. விஞ்ஞானிகள், வைத்தியர்கள், மாதம் 30,000 திர்ஹாம் சம்பாதிக்கும் நிபுணர்கள் ஆகியோருக்கும் இவ்வாயில் திறக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஐந்தாண்டு அனுமதி ஒன்றும் உண்டு. ஆனால் அதற்கும் 10 லட்சம் திர்ஹாம் சொத்தோ சேமிப்போ, அல்லது கணிசமான மாத வருமானமோ காட்டியாக வேண்டும். திறமைசாலிகளுக்கு வழிவிடுவதை நாம் குறை கூறவில்லை. நேற்று வந்து வீடு வாங்கியவருக்குப் பத்தாண்டும், அந்த வீட்டையே கட்டியவனுக்கு இரண்டாண்டும் என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

அண்டை தேசங்களின் நிலையும் இதற்கு மாறானதல்ல. சவூதி அரேபியா 2019-இல் ஏற்படுத்திய உயர்தர வசிப்புரிமைக்கு 8 லட்சம் ரியால் விலை வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள விரும்புவோருக்கு ஒரு லட்சம் ரியால். கத்தார் 2018-இல் இயற்றிய நிரந்தர வசிப்புச் சட்டம் ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வெளியே பிறந்தவர் அங்கே இருபது ஆண்டுகள் வசித்திருந்தால் மனுச் செய்யலாம் என்றது. கொள்கை அளவில் இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் போதிய வருமானம், அரபு மொழிப் பயிற்சி முதலிய நிபந்தனைகளோடு, ஆண்டுக்கு நூறு பேருக்கே என்ற வரம்பும் கூடவே வந்தது. லட்சக்கணக்கானோர் காத்திருக்கும் பந்தியில் நூறு இலை போட்டது போலாயிற்று. அதே கத்தார் 2020-இல், பெருந்தொகைக்குச் சொத்து வாங்குவோருக்கு இந்த இருபது ஆண்டுக் காத்திருப்பே இல்லாமல் வசிப்புரிமைச் சலுகைகளை அளிக்க முன்வந்தது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். எமிரேட்டுகளின் தொழிற்சட்டம் தொழிலாளியின் ஆண்டுகளை எண்ணத் தெரியாத சட்டம் அல்ல. வேலையை விட்டு விலகும்போது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்று அது விதிக்கிறது. அதாவது, நீண்ட காலம் உழைத்தவனுக்குக் கூடுதல் பாத்தியதை உண்டு என்ற நியாயத்தை அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறும் ஆண்டுகள், சர்க்காரின் குடியிருப்புப் புத்தகத்தில் மட்டும் ஏன் ஏறக்கூடாது என்பதே நமது கேள்வி.

இதற்கு இரண்டு ஆக்ஷேபணைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, அந்தத் தேசத்தார் தொகையில் சிறியவர்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை தந்தால் சொந்த வீட்டிலேயே அவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள் என்பது. இந்த அச்சம் அலட்சியம் செய்யத் தக்கதல்ல. தம் மொழியையும் மரபையும் காத்துக்கொள்ள விரும்பும் எந்த மக்களையும் நாம் பழிக்க மாட்டோம். ஆனால் நாம் கேட்பது பிரஜாவுரிமை அல்ல. பதினைந்து ஆண்டுகள் நேர்மையாய் உழைத்த ஒருவன், எஜமானனின் கையெழுத்தை எதிர்பாராமல் தங்கவும், வேலை மாறவும், ஊர் சென்று திரும்பவும் உரிமை பெற வேண்டும் என்பதே. பணம் படைத்த அந்நியனுக்கு அவ்வுரிமையை அளிப்பதனால் தேசம் மூழ்கிவிடவில்லை என்றால், பாடுபட்ட அந்நியனுக்கு அளிப்பதனாலும் மூழ்கிவிடாது.

இரண்டாவது ஆக்ஷேபணை, 'நிபந்தனை தெரிந்தே வந்தான், கூலி பெற்றான், போகட்டும்' என்பது. இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் இதை நேட்டாலில் கேட்டார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டங்களை வளர்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பின் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டும் சிறு வியாபாரம் செய்தும் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியவுடன், வெள்ளைக் குடியேறிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1895-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலி, மறுபடியும் ஒப்பந்தம் எழுத வேண்டும்; அல்லது இந்தியா திரும்ப வேண்டும்; இரண்டும் இல்லாமல் சுதந்திர மனிதனாய்த் தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் ஆரம்பச் சம்பளம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அவனுடைய ஆறு மாதச் சம்பளம்! கைகள் வேண்டும், ஆள் வேண்டாம் என்பதே அச்சட்டத்தின் சாரம். 1913-இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் காந்தியடிகளின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் துறந்தாள். அவ்வாண்டே அந்த வரி ஒழிந்தது. தங்குவதற்குரிய உரிமை உழைப்பினால் ஈட்டப்படுவது என்ற தத்துவத்துக்காக நம்மவர் செலுத்திய விலை அது.

ஒப்பந்தமாய் வந்தவன் நெடுநாள் தங்கினால் தேசம் கெட்டுவிடும் என்பதும் அநுபவத்தில் பொய்த்துப் போயிருக்கிறது. மேற்கு ஜெர்மனி 1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளரை அழைத்தபோது, இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றே ஏற்பாடு. பழகிய கைகளை அனுப்பிவிட்டுப் புதியவர்களுக்கு மீண்டும் கற்றுக் கொடுப்பது நஷ்டம் என்று ஆலை முதலாளிகளே ஆக்ஷேபித்ததால் 1964-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. 1973-இல் ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஆனால் வந்தவர்கள் தங்கினார்கள், குடும்பங்களும் வந்து சேர்ந்தன. நெடுங்காலம் தயங்கிய பிறகு, 2000-ஆம் ஆண்டு முதல், சட்டப்படி நீண்டநாள் வசித்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே பிரஜாவுரிமை கிடைக்கும்படி சட்டம் மாறிற்று. 2024-இல், ஐந்து ஆண்டுகள் வசித்தவர் பழைய பிரஜாவுரிமையை விடாமலே ஜெர்மானியப் பிரஜையாக மனுச் செய்யலாம் என்றாயிற்று. அறுபது ஆண்டுகள் கழித்தேனும் ஒரு தேசம் ஆண்டுகளை எண்ணக் கற்றுக்கொண்டது.

பணத்துக்கு வாயிலைத் திறந்த ஐரோப்பாவோ இப்போது அதை மூடிக்கொண்டு வருகிறது. முதலீட்டாளருக்கு இருந்த அனுமதியைப் பிரிட்டன் 2022 பிப்ரவரியில் நிறுத்தியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்தியது. அதே மாதத்தில், மால்டா தேசம் முதலீட்டுக்கு ஈடாகப் பிரஜாவுரிமை அளித்த திட்டம் சட்டவிரோதம் என்று ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேசத்துக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள உறவு கடையில் விற்கும் சரக்கன்று என்ற உண்மை அங்கே சிறிது சிறிதாக உறைக்கத் தொடங்கியிருக்கிறது.

நிற்க. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பழமொழி. பிற தேசங்களுக்கு நியாயம் எடுத்துரைக்கும் நாம் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது முறை. இந்திய சர்க்கார் 2016-இல், 18 மாதங்களுக்குள் 10 கோடி ரூபாயோ 36 மாதங்களுக்குள் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்யும் அந்நியருக்குப் பத்தாண்டு வசிப்புரிமை அளிக்கத் திட்டம் வகுத்தது. அதே இந்தியாவில், 1983-ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கலவரங்களுக்கும் போருக்கும் தப்பி வந்த தமிழர்கள், மண்டபம் தொடங்கித் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களுள் மலையகத்தைச் சேர்ந்த பலருடைய பாட்டனார்கள் இதே தமிழ் மண்ணிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். முகாமிலே பிறந்து, நம் பள்ளிகளிலே படித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, உரிய பத்திரமின்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. எத்தனை ஆண்டுகள் வசித்தாலும் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்ய இயலாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை தேசங்களிலிருந்து வந்த சிலருக்கு விலக்களித்தது. அதில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விஸா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. தண்டனை நீங்கியது நல்லதே. ஆனால் உரிமை வரவில்லை. நாற்பது ஆண்டுகளை நாமும் எண்ணவில்லை என்பதே இதன் பொருள்.

கடல் கடந்து போன நம்மவருக்கும் இங்கே முழு நியாயம் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜை வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம். ஆனால் வாக்களிக்க வேண்டுமானால் ஊருக்கு நேரில் வர வேண்டும். ஒரு வாக்குக்காக விமானக் கட்டணமும் விடுமுறைச் சம்பளமும் இழக்க எந்தக் கொத்தனால் முடியும்? அங்கே குடியில்லை, இங்கே வாக்கில்லை. கறிவேப்பிலை போல இரண்டு தேசங்களும் அவனைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. 2022-இல் எமிரேட்டுகளுடன் பொருளாதார உடன்படிக்கை செய்து சரக்குகளுக்குச் சுங்கத்தைக் குறைத்துக்கொண்ட இந்திய சர்க்கார், அதே அக்கறையோடு, நெடுங்காலத் தொழிலாளருக்கு எஜமானனைச் சாராத வசிப்புரிமை வேண்டும் என்று பேச வேண்டும். கடல் கடந்தவர்கள் இருக்குமிடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்ய வேண்டும். திரும்பி வருகிறவர்களுக்கு, கேரளம் தன் பிரவாசிகளுக்கு நல நிதியும் ஓய்வூதியமும் ஏற்படுத்தியது போல, தமிழ்நாட்டு அயலகத் தமிழர் நல வாரியமும் முதுமைக் காலப் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, முகாம்களில் வாழ்வோர் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யத் தடையாய் நிற்கும் விதியைப் பார்லிமெண்டு திருத்த வேண்டும். நம் கையிலே இருக்கும் நியாயத்தை நாம் வழங்காமல், பிறர் கையிலே இருப்பதைக் கேட்கும்போது நம் குரல் எடுபடாது.

கட்சி எதுவாயினும், பொதுவேலையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள் இதைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டும். தங்கள் தொகுதி அங்கத்தினரிடம் பதில் கேட்க வேண்டும். மூன்று பவுன் வரியை ஒழிக்கச் சிறை புகுந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். படித்த நாம் ஒரு மனுவேனும் எழுதலாகாதா?