அவசர விசாரணையும் தூக்குத் தண்டனையும்

ஊரை உலுக்கும் கொடூரம் ஒன்று நடந்தால், விசாரணையை நாள் கணக்கில் முடிக்கச் சொல்லிச் சட்டமன்றங்கள் மசோதா கொண்டுவருகின்றன. 2019 டிசம்பரில் ஆந்திரம் நிறைவேற்றிய 'திஷா' மசோதா, தூக்குவரை போகக்கூடிய பாலியல் வன்கொடுமை வழக்குகளில் புலன்விசாரணைக்கு 7 நாள், நீதிமன்ற விசாரணைக்கு 14 நாள் என்று கெடு வைத்தது. மத்தியச் சட்டத்துக்கு முரணான இத்தகைய மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இன்றிச் செல்லாது; திஷாவுக்கு அது கிடைக்கவில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்கமும் இதே வழியில் 'அபராஜிதா' மசோதாவை நிறைவேற்றியது.

பாதிக்கப்பட்ட குடும்பம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைவது கொடுமைதான். ஆனால், அவசரம் என்ன செய்யும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா வழக்கைப் பாருங்கள். 2013இல் சிறுமி கொலை வழக்கொன்றில் இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து ஒருவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. இலவச சட்ட உதவியில் வந்த வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் பதிவானது. வழக்குக் கட்டைப் படிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையில் மீண்டும் தூக்கு. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024இல் அவர் விடுதலையானார். பதினொரு ஆண்டுகள் போய்விட்டன. குழந்தையை இழந்த பெற்றோருக்கும் அந்த அவசரம் நீதி தரவில்லை.

அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது: தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்கில் நியமிக்கப்படும் வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், தயாராக 7 நாளாவது தர வேண்டும். தராவிட்டால் அன்றே எழுத்தில் மனு கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மேல்முறையீட்டில் அதுதான் கைகொடுக்கும்.

குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை பற்றித் தனியாக வாதிட உரிமை உண்டு. வளர்ந்த சூழல், மனநலம், சிறை நடத்தை ஆகியவற்றை நீதிமன்றம் கேட்டறிய வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளிச் சான்று, மருத்துவக் குறிப்பு எதையும் வீட்டார் தூக்கிப் போட வேண்டாம். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் எந்தத் தூக்கும் நிறைவேறாது.

கருணை மனு விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகக்கூடும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், கைதான அன்றே அழையுங்கள்.