புளியங்கொட்டைச் சோதனை

முருங்கனில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றின் முன் ஆறு புளியங்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். அதற்கு நேரே இன்னோர் ஆறு. "இரண்டும் ஒரே அளவா?" "ஓம்." இப்போது ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்து, அதையே திரும்பக் கேளுங்கள். "இதிலதான் கூட" என்று நீண்ட வரிசையைக் காட்டும் பிள்ளைகள் பலர்.

இது சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜேயின் சோதனை. பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு ஏறத்தாழ ஏழு வயதில்தான் வரும் என்றார் அவர். 1974இல் ஆய்வாளர்கள் மக்காரிகிளும் டொனால்ட்சனும் ஒரு குறும்புக் கரடி பொம்மையைக் கொண்டுவந்து வரிசையைக் கலைக்க வைத்தார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் தொகை கூடியது!

ஏன்? பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதற்பதில் பிழையோ என்று பிள்ளை நினைக்கலாம். வகுப்பிலும் அப்படித்தானே நடக்கிறது? சோதனை அளந்தது எண்ணறிவோடு கேட்பவர் மனதை ஊகிக்கும் திறனையும்தான்.

பிரேசிலின் ரெசிஃபேயில் நடந்து 1985இல் வெளிவந்த ஆய்வு இன்னும் உறைக்கும். தெருவில் விற்கும் சிறுவர்கள் வியாபாரத்தின்போது 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அவற்றையே வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்.

கேட்கும் விதம் இப்படி விடையை மாற்றும் என்றால், நமது பரீட்சைகளையும் பார்க்க வேண்டும். இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளைத் தெரிவு செய்வதற்கானது. கழித்தலில் 'கடன் வாங்கும்' இடத்தில் பிள்ளை தடுமாறுகிறதா, வினாவை வாசிப்பதிலேயே தடுமாறுகிறதா என்பதை மொத்தப் புள்ளி காட்டாது. அதற்கு, பக்கத்தில் இருந்து "எப்படிச் செய்தாய்?" என்று கேட்க வேண்டும். சரியான விடைக்கும் கேட்க வேண்டும்.