ஒரு நானோமீட்டர் இடுக்கில் ஒளி

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. லென்ஸை மட்டும் நம்பினால், ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடத்தில் குவிக்க முடியாது. எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே காட்டிவிட்ட எல்லை அது. சிவப்பு ஒளிக்கு அது சுமார் 300 நானோமீட்டர். மூலக்கூறு ஒன்றின் அளவோ ஒரு நானோமீட்டர்தான். இரண்டும் சரியாகச் சந்தித்துக்கொள்ளவே வழியில்லை.

ஏன் இந்த எல்லை? ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் ஆற்றலை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும் ஆட்டம். இடம் மிகவும் சுருங்கினால் காந்தப்புலத்தால் தன் பங்கைத் தாங்க முடியாது, ஆட்டம் நின்றுவிடும். உலோகம் கைகொடுப்பது இங்கேதான். தங்கத்திலும் வெள்ளியிலும் கட்டின்றித் திரியும் எலெக்ட்ரான்கள் அந்தப் பங்கை ஏற்றுக்கொள்கின்றன. டம்ளரைச் சரியான தாளத்தில் அசைத்தால் டீ பெரிதாகத் தளும்புகிறதல்லவா, அதுபோல ஒளியின் தாளத்துக்கு எலெக்ட்ரான்கள் தளும்புகின்றன. இதற்குத்தான் மேற்பரப்பு பிளாஸ்மான் என்று பெயர். கறாராகச் சொன்னால், நாம் அடைப்பது முழு ஒளி இல்லை. பாதி ஒளி, பாதி எலெக்ட்ரான் ஓட்டம்.

2016-ல் கேம்பிரிட்ஜில் ஜெரமி பாம்பெர்க் குழு செய்த சோதனையைப் பாருங்கள். தட்டையான தங்கப் படலம். அதன்மேல் 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள தங்க உருண்டை. (விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம், கண்ணுக்கே தெரியாத அளவு.) இரண்டும் ஒட்டிவிடாமல் இருக்க, நடுவில் குக்கர்பிட்டுரில் என்ற பீப்பாய் வடிவ மூலக்கூறுகள். அவற்றின் உயரம்தான் இடைவெளி: 0.9 நானோமீட்டர். பிளாஸ்மான் ஒளியை அடைத்து வைப்பது இந்த இடுக்கில்தான். எந்த இயந்திரமும் இவ்வளவு துல்லியமாக இடுக்கு வெட்டித் தராது. வேதியியல் அதைச் சும்மா செய்துவிடுகிறது. பீப்பாய்க்குள் மெத்திலீன் நீலச் சாய மூலக்கூறு ஒன்று போய் உட்காரும். சாயத்தை நேரடியாகத் தங்கத்தின்மேல் விட்டால் அது படுத்துக்கொள்ளும். இடுக்கின் மின்புலமோ செங்குத்தானது, படுத்திருக்கும் சாயத்தை அது சீண்டுவதே இல்லை. பீப்பாய்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. இந்தச் சோதனையின் சாமர்த்தியம் முழுக்க இந்த நிமிர்த்தலில்தான் என்பேன்.

இதில் நஷ்டமும் உண்டு. தளும்பும் எலெக்ட்ரான்கள் உரசிச் சூடாகும். பிளாஸ்மானின் ஆயுள் சில ஃபெம்டோ நொடிகளே. எதிரெதிரே வைத்த நல்ல கண்ணாடிகளுக்கு நடுவில் ஒளி இதைவிடப் பல ஆயிரம் மடங்கு நேரம் தங்கும். ஆனால் 40 கன நானோமீட்டருக்கும் குறைவான இடத்தில் மின்புலம் அவ்வளவு அடர்த்தி. ஆற்றல் வெப்பமாகித் தொலைவதற்குள் ஒளியும் மூலக்கூறும் அதைக் கொடுத்து வாங்கிவிடுகின்றன. ஒற்றை மூலக்கூறோடு, சாதாரண அறை வெப்பத்தில், இந்தக் கொடுக்கல் வாங்கலை அந்தக் குழு அளந்து காட்டியது.